கேன்டீன் சாக்கடையின் தங்க நிறம்

நான் அந்த வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தது விமர்சனம் கேட்பதற்காக. மலேசியாவில், ஜொகூரில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று படம் எடுத்துப் பிழைக்கும் தமிழர்களின் குழு அது. ஒருவர் படம் போட்டால் மற்றவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. கருத்து என்றால் ரோஜாப்பூ, கும்பிடு, ‘சூப்பர் அண்ணே’ என்று அர்த்தம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. ஒரு மணப்பெண் படத்துக்கு நான் மெனக்கெட்டு எழுதினேன்: இடது கன்னத்தில் வெளிச்சம் அதிகம், தோலின் நிறமே போய்விட்டது, வாசல் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லியிருக்கலாம். உடனே ஒருவர் பதில் போட்டார்.

“டீச்சர் வந்துட்டாங்க. எல்லாரும் எழுந்து நில்லுங்க லா.”

அதற்கு வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

நான் லாபிஸ் பக்கம், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவள். அப்பா குலை ஏற்றும் லாரி ஓட்டினார். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். எங்கள் வீட்டில் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. இப்போது தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. நாள் முழுக்கப் பொருள்களின் மேற்பரப்பை உற்றுப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. படம் எடுப்பதிலும் எனக்கு அதே புத்தி. ஆள் வேண்டாம், முகம் வேண்டாம். துரு, விரிசல், ஈரம், அழுக்கு இவற்றை மிக அருகில் போய் எடுப்பேன். இது இன்னதென்று தெரியாத அளவுக்கு அருகில்.

அப்படி எடுத்ததுதான் அந்தப் படம். எங்கள் கேன்டீனுக்குப் பின்னால் ஓடும் சாக்கடை. நாங்கள் லோங்காங் என்போம். மத்தியானம் குழம்புச் சட்டிகளைக் கழுவிக் கொட்டியிருந்தார்கள். மஞ்சள் எண்ணெய் தண்ணீர்மேல் படலமாகப் பரவ, சோப்பு நுரை அதைக் கிழித்துக் கிழித்துத் தீவுகளாக்கியிருந்தது. அதன்மேல் நேர் வெயில். நாற்றம் மூக்கைத் துளைத்தது. குந்தி உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். திரையில் பார்த்தபோது உருக்கிய தங்கம் உறைகிற மாதிரி இருந்தது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

தீபாவளிக்கு முன் குழுவின் சார்பில் ஒரு கண்காட்சி நடப்பதாக இருந்தது. யார் படம் சுவரில் ஏறும் என்பதைக் குழுவைத் தொடங்கிய அண்ணன்தான் முடிவு செய்வார். பொந்தியானில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். அந்தச் சுவரில் என் படம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். குழுவில் போட்டு, எங்கே எடுத்தது என்று சொல்லாமல், “பாத்துட்டு மனசுல பட்டதச் சொல்லுங்க” என்று எழுதினேன்.

“ஆள் எங்க மா?”

“ஒன்னும் புரியல. படிச்ச புள்ள போட்டா நமக்கு எங்க புரியும்?”

“அலமாக், கேமரா கீழ விழுந்துருச்சா?”

அண்ணன் மட்டும் தனியாக எழுதினார். “கலர் நல்லாருக்கு தங்கச்சி. பெரிய சைஸ்ல அனுப்பு, கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்.” மகிழ்ச்சியோடு முழு அளவில் அனுப்பினேன். ஒரு வாரம் போனது. நானாகக் கேட்டபோது, “கண்காட்சிக்கு இது சரிப்படாது மா, ஆள் இருக்கணும்” என்றார்.

சில வாரம் கழித்து அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை மகளுக்குப் பொந்தியானில் கல்யாணம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன். மணமேடைக்குப் பின்னால் சுவரை மறைத்துத் தொங்கிய பெரிய திரை முழுக்க என் படம். அதன்மேல் பெண் மாப்பிள்ளை பெயர்கள், இரண்டு இதயங்கள், ஒரு ஜோடிப் புறா. மூலையில் அண்ணனின் ஸ்டூடியோ முத்திரை.

“எவ்ளோ அழகு பாரு, பட்டுப்புடவ மாதிரி” என்றாள் அம்மா.

எனக்குக் குமட்டியது. அந்த எண்ணெயால் இல்லை, அந்தப் புறாக்களால்.

சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்தில் அண்ணனைப் பிடித்தேன். கழுத்தில் இரண்டு கேமரா தொங்க அவர் சிரித்தார்.

“அட தங்கச்சி! பாத்தியா, உன் பேக்ரவுண்ட எப்படித் தூக்கிக் குடுத்துட்டேன்?”

“அது பேக்ரவுண்ட் இல்லண்ணே. என் படம்.”

“குரூப்ல போட்டா எல்லாருக்கும் சொந்தம் தான லா. இதுக்கெல்லாமா கோவிச்சுக்குவாங்க?” பிறகு ஆசையாகக் கேட்டார். “ஆமா, அது என்னது? தங்கத் தாளா?”

“லோங்காங். எங்க கேன்டீனுக்குப் பின்னால. மீன் குழம்பு எண்ணெய்.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. மேடையில் ஐயர் ஹோமம் வளர்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

“யார்ட்டயும் சொல்லிடாத மா. பொண்ணு வீட்ல தெரிஞ்சா என் பொழப்பு போச்சு. கண்காட்சில உன் படத்த மாட்டிர்றேன். பெருசா, நடுச் சுவத்துல. போதுமா?”

நான் கேட்டது இதைத்தான். அவர் வாயிலிருந்து அது வந்த விதத்தில் அந்தச் சுவரே எனக்கு வெறுத்துப்போனது.

“மாட்ட வேணாம். இப்ப அதப் பாத்து, நல்லாருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு நாளில் அப்போதுதான் உண்மையாகவே பார்த்தார் என்று நினைக்கிறேன். கண் ஒவ்வொரு தீவாக நகர்ந்தது. அழுக்கைத் தேடிக்கொண்டிருந்தார்.

“வாந்தி வருது மா” என்றார்.

தாலி கட்டி முடிந்ததும் உறவினர்கள் மேடையேறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அம்மா என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். மணப்பெண் சந்தோஷத்தில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவளுக்காகத்தான் நான் வாய் திறக்கவில்லை, அந்த மனிதருக்காக இல்லை. அவர் எதிரே நின்று கேமராவைத் தூக்கினார்.

“கொஞ்சம் சிரி தங்கச்சி.”

நான் சிரிக்கவில்லை. என் படத்துக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கும்வரை அதையே பார்த்தேன். இறங்கியதும் குழுவிலிருந்து வெளியேறினேன்.