மூன்று முறை தவறினால்

என் பழைய கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. ஓசூர் தொழிற்சாலையில் ஷிஃப்ட் நடுவே வெளியே போகிறவர்களுக்கு நாங்கள் கொடுத்த கேட் பாஸ் அது. அதன் பின்பக்கத்தில் மூன்று பழைய எண்கள், ஒவ்வொன்றும் நான்கு இலக்கம். முதல் இரண்டைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன். மூன்றாவது அப்படியே இருக்கிறது: 4172. என் எண்ணே அல்ல. கேண்டீன் அம்மாவின் செல்போனில் மெசேஜ் பெட்டியைத் திறக்கும் எண்.

நான் அங்கே டைம் ஆபீஸ் கிளார்க், ஆட்கள் வந்துபோகும் நேரத்தைக் குறிப்பவன். முன்னூற்று நாற்பது பேரின் டோக்கன் எண்களும் எனக்கு மனப்பாடம். என் ஜன்னலிலிருந்து பதினெட்டு அடி தள்ளி கேண்டீன். அந்த அம்மா சமையல்கட்டில் தெலுங்கும், லாரிக்காரர்களிடம் கன்னடமும், எங்களிடம் தமிழும் பேசுவார். படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும், அதுவும் எழுத்துக் கூட்டி. அவருடைய ஒரே மகள் கிருஷ்ணகிரியில் விடுதியில் தங்கி நர்சிங் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். படித்தது போதும் என்று ஊத்தங்கரையில் இருந்த தன் அக்கா மகனுக்கு அவளை முடித்துவிட அப்பா பிடிவாதமாக இருந்தார். தினமும் சாயங்காலம் மனைவியின் போனை வாங்கிப் பார்ப்பார். தாயும் மகளும் பேசிக்கொள்ள வேறு வழியில்லாமல், மெசேஜ் பெட்டிக்குத் தனிப் பூட்டு உள்ள போனாகத் தேடி அந்த அம்மா வாங்கினார். "இனிமே ஆண்டவனே வந்தாலும் தொறக்க முடியாதும்மா" என்றாராம் கடைக்காரர்.

ஆண்டவன் இருக்கட்டும், அந்த அம்மாவாலேயே திறக்க முடியவில்லை. எந்தப் பொத்தானை எத்தனை முறை அமுக்குவது என்பது பிடிபடவில்லை. திறந்தாலும் உள்ளே தமிழ் எழுத்து கிடையாது. அறைத் தோழியின் போனிலிருந்து மகள் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவாள். ஆக, கணவருக்குத் தெரியக் கூடாதென்று பூட்டியதைத் திறந்து படிக்க அந்நியன் ஒருவன் தேவைப்பட்டான். அடுத்த வீட்டுக் கடிதத்தை நான் எப்படிப் படிப்பது என்று கூசினேன். "அவருக்குத்தான் சார் தெரியக் கூடாது. உங்களுக்குத் தெரிஞ்சா பரவால்ல. நீங்க யார்கிட்ட வாயத் தொறந்து பேசுறீங்க?" என்றார். அது பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பத்தொன்பது மெசேஜ்கள் படித்துச் சொன்னேன். அவற்றில் பதினொன்று 'சாப்டியா அம்மா' என்று தொடங்கின. முதல் எண் மகளின் பிறந்த நாள். கணவர் ஊகித்துவிடுவாரே என்று எனக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை. எண்ணை அடிக்கடி மாற்றுவது நல்லது என்று போனோடு வந்த புத்தகத்திலும் போட்டிருந்தது. மாதம் பிறந்ததும் மாற்றினேன். அடுத்த மாதமும் மாற்றினேன். "ஏன் சார் மாத்திக்கினே இருக்கீங்க? நேத்து தொறந்தது இன்னிக்கும் தொறக்கட்டுமே" என்று அலுத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. எண்களை எழுதிய சீட்டை யாராவது பார்த்துவிடக் கூடாதென்று என் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

இருபதாவது மெசேஜ் ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஜன்னலுக்கு வந்தார். சீட்டு வீட்டு பீரோவில். நினைவிலிருந்து 4127 என்று அடித்தேன். தவறு. 4712. தவறு. அவர் முகத்தைப் பார்த்தபடி 1472 என்று அடித்தேன். பெட்டி அடைத்துக்கொண்டது. இனி கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றேன். தோழியின் போனுக்கு அடித்துப் பார்த்தோம்; அணைத்து வைத்திருந்தார்கள்.

"அவருக்குத் தொறக்கக் கூடாதுன்னுதானே சார் பூட்டினோம்? எனக்கும் சேர்த்தா பூட்டிட்டீங்க?"

போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். "அவ இந்த நேரத்துல அனுப்ப மாட்டா. நான் போறேன்" என்று கிளம்பிவிட்டார். சூப்பர்வைசர் கையெழுத்து இல்லாமல் யாரையும் வெளியே விடாதவன், அன்று விட்டேன். அவர் கார்டில் வெளியேறிய நேரத்தையும் எழுதவில்லை. என் சர்வீசில் நான் காலியாக விட்ட கட்டம் அது ஒன்றுதான்.

மறுநாள் அவரே வந்து சொன்னார். விடுதி அலுவலகத்தில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாராம். வீட்டில் விசேஷம், பெண்ணை அனுப்புங்கள் என்று அப்பா கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு. மகள் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிக்கொண்டிருந்தாளாம். "நான் பெத்தவ. எங்க வூட்ல ஒரு விசேஷமும் இல்லன்னு வார்டன் எதிருலயே சொல்லிட்டேன் சார். பொண்ணு பையோட திரும்ப மாடி ஏறிட்டா." போனைக் கடையில் கொடுத்து மீட்டார்கள். ஆனால் பெட்டிக்குள் இருந்ததெல்லாம் அழிந்துபோயிருந்தது.

அடுத்த விடுமுறைக்கு மகள் அம்மாவைப் பார்க்க கேண்டீனுக்கு வந்தபோது, அந்த மெசேஜில் என்ன இருந்தது என்று கேட்டேன். பெருமையாக ஏதாவது காதில் விழும் என்ற நினைப்பு எனக்கு. அவள் தயங்கித்தான் சொன்னாள். "அத்தை வந்திருக்காங்க, நான் போறேன், நீ வராதேம்மான்னு அனுப்பினேன் சார். வந்தா அப்பா சும்மா விட மாட்டாருன்னு பயம்."

நான் சரியான எண்ணை அடித்திருந்தால் அந்த வரிகளைப் படித்துக் காட்டியிருப்பேன். மகள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அந்த அம்மா போகாமல் இருந்திருக்கலாம். அவள் இன்று கிருஷ்ணகிரியில் ஒரு மருத்துவமனையில் தலைமை நர்ஸ். ஆனால் அவள் பயந்ததும் பொய்யில்லை. கணவர் நாற்பத்தொரு நாள் மனைவி கையால் சாப்பிடவில்லை. அந்த நாட்களை எண்ணியது நான் அல்ல, அந்த அம்மா.

அதற்குப் பிறகு என் உதவி தேவைப்படவில்லை. ஒரு மிஸ்டு கால் என்றால் நலம், இரண்டு என்றால் கிளம்பி வா. கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே போன் அடித்து நிற்கும். அவருக்கு ஒன்றும் புரியாதாம். இதை முதலிலேயே ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். "நீங்க கேட்டாத்தானே சார்!" என்று சிரித்தார்.

போன மாதம் என் மகன் என் போனில் ஒரு செயலி போட்டுக் கொடுத்தான். அனுப்புகிறவரையும் பெறுகிறவரையும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதாம். ஆறு இலக்க எண் ஒன்று வைக்கச் சொன்னான். "மறந்துடாதீங்கப்பா. எங்கயும் எழுதி வைக்காதீங்க" என்றான். அவன் போனதும் சீட்டை எடுத்து, 4172-க்குக் கீழே எழுதிவைத்தேன். அந்தப் புதன்கிழமை இந்தச் சீட்டு என் சட்டைப் பையில் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கத் தொடங்குவேன், பாதியில் நிறுத்திக்கொள்வேன். இல்லாமல் போனது நல்லது என்று சொல்லவும் வாய் வரவில்லை. 4172-ஐ அடித்துவிடலாமென்று இரண்டு முறை பேனாவை எடுத்தேன். இரண்டு முறையும் மூடி வைத்துவிட்டேன்.