விற்க மறுத்த காப்புறுதி

திருகோணமலையில் பயணக் காப்புறுதி விற்பவர் அவர். மெலிந்த ஆள், பேசுமுன் பேனையை மூடி வைப்பார். நேபாளத்தில் மலையேறப் போகும் மகளுக்காகப் போயிருந்தேன்.

"எவ்வளவு உயரம், அக்கா?"

"ஆறாயிரம் மீற்றராம், தம்பி."

"கடற்கரைப் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை?" என்று சிரித்தார். பிறகு, "இதை உங்களுக்கு விற்க ஏலாது. எங்கட காப்புறுதி மூவாயிரம் மீற்றரோட நிக்குது. அதுக்கு மேல மூச்சு முட்டி வருத்தம் வந்தா ஹெலிகொப்டரிலதான் இறக்கோணும். அந்தச் செலவை நாங்கள் குடுக்கமாட்டம்" என்றார்.

மலையேறுபவர்களுக்குக் காப்புறுதி தரும் வேறொரு கம்பனியை அவரே தேடித் தந்தார்.

மேலே மகளுக்கு மூச்சுத் திணறியது. அந்தக் கம்பனியின் செலவில் ஹெலிகொப்டர் வந்து இறக்கியது.

நன்றி சொல்லப் போனேன். கூச்சத்தில், "மகள் வந்திட்டா" என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்தார்.

என் மகளை அவர் ஒருநாளும் கண்டதில்லை.