மருந்து குடிக்கிறீங்களா?

என் வாயைப் பற்றி எனக்கு எப்போதும் கொஞ்சம் கர்வம் உண்டு. தேயிலைத் தோட்டத்துத் தமிழ் பேசுவேன், புத்தகத் தமிழ் எழுதுவேன், சிங்களத்தில் சண்டை போடுவேன். அந்த வாய்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவளைச் சாகச் சொல்லி அனுப்பியது. இதை வேறு விதமாக எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் நான் தப்பித்துக்கொள்வதாகவே வந்தது. அதனால் இப்படியே இருக்கட்டும்.

அப்போது பதுளையில் ஒரு ஆராய்ச்சிக் குழுவில் வேலை செய்துகொண்டிருந்தேன். மனச்சோர்வு நோய் உள்ளவர்களின் மூளையை ஸ்கேன் இயந்திரத்தில் படம் எடுத்து, நோய் இல்லாதவர்களின் படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்கள் ஆராய்ச்சி. தோட்டங்களிலிருந்து வரும் பெண்களிடம் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்பி, இயந்திரம் வரை கூட்டிக்கொண்டு போய் விடுவது என் வேலை. ஆராய்ச்சியை நடத்திய டொக்டர் ஒரு சிங்களப் பெண். நல்ல மனுஷி. தமிழில் "வாங்க", "இருங்க", "வலிக்குதா" மூன்றும் தெரியும். மிச்சத்துக்கு நான்.

ஒரு ஆளின் படத்தைப் பார்த்து அவருக்கு இந்த நோய் இருக்கிறதா என்று சொல்லிவிடலாமா என்று முதல் வாரத்திலேயே அவரிடம் கேட்டேன். முடியாது என்றார். நிறையப் பேருடைய படங்களைச் சேர்த்து வைத்துக் கணக்குப் போட்டால்தான் சின்னச் சின்ன வித்தியாசம் தெரியுமாம், அதுவும் எல்லா ஆராய்ச்சியிலும் ஒரே மாதிரி வராதாம். இவ்வளவு பெரிய இயந்திரம், இவ்வளவு சத்தம், கடைசியில் இதுதானா என்று எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனால் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

படிவத்தைக் கொழும்பில் யாரோ தமிழாக்கி அனுப்பியிருந்தார்கள். "தற்போது ஏதேனும் மருந்துகளை உட்கொள்கிறீர்களா?" என்று பதினொன்றாம் கேள்வி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, நாள் முழுக்கக் கொழுந்தெடுக்கிற பொம்பளையிடம் உட்கொள்கிறீர்களா என்று கேட்டால் அவள் என்ன நினைப்பாள்? இரண்டு நாள் உட்கார்ந்து மொத்தத்தையும் எங்கள் பேச்சுக்கு மாற்றினேன். பதினொன்றாம் கேள்வி, "மருந்து ஏதாவது குடிக்கிறீங்களா?" என்று ஆனது. எங்கள் லயத்து வீடுகளில் மாத்திரை, பாணி மருந்து எல்லாமே குடிக்கிறதுதான். டொக்டர் பாராட்டினார். பாராட்ட வேண்டியதுதான் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கேள்விக்கு ஒரு வேலை இருந்தது. மனச்சோர்வுக்கு ஏற்கனவே மருந்து சாப்பிடுகிறவர்களை அந்த ஆராய்ச்சியில் சேர்ப்பதில்லை. மூளையில் தெரிவது நோயால் வந்த மாற்றமா மருந்தால் வந்த மாற்றமா என்று பிரிக்க முடியாதாம். ஆகவே பதில் "ஆம்" என்றால் படிவத்தை அங்கேயே மூடிவிட்டு, ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்ற கேள்வி இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

என்னோடு படித்தவள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்காரி, நானும்தான். ஒன்பதாம் வகுப்போடு அவள் கொழுந்தெடுக்கப் போனாள், நான் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அந்த வருஷத் தோட்டத்துத் திருவிழாவில் அவளைப் பார்த்தபோது அடையாளமே தெரியவில்லை. எங்கள் வகுப்பிலேயே அதிகமாகச் சிரிக்கிறவள், தேர் வரும்போதுகூட எழுந்திருக்காமல் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். என்னடி ஆச்சு என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லடி. எதுக்கும் கை ஓட மாட்டேங்குது. காலைல எந்திரிக்கிறதே பெரிய பாடா இருக்கு. வீட்டுல நடிக்கிறேன்னு சொல்றாங்க."

"எங்க எடத்துக்கு வா. மூளையப் படம் எடுப்பாங்க."

"படத்துல தெரியுமா?"

"பாப்பாங்க," என்றேன். தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

அவள் வந்த அன்று காலையிலேயே என் பொறுமை போயிருந்தது. முதலில் வந்த அம்மா தாலியைக் கழற்ற மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார். இயந்திரம் காந்தத்தில் வேலை செய்கிறது, உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாது என்று எத்தனை தடவை சொல்வது? மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிப் போட்டுக்கொண்டு தாலியை வெளியே கொடுத்துவைத்துவிட்டு உள்ளே போங்கள் என்று நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தோம். அதற்கு அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

இவளோ காதிலும் மூக்கிலும் ஒன்றுமில்லாமல், கழுத்தில் வெறும் மஞ்சள் கயிற்றோடு வந்து உட்கார்ந்தாள். "கெட்டிக்காரி. எல்லாத்தையும் கழட்டிட்டு வந்துட்டியே," என்றேன்.

"காதுல கெடந்தத மக காதுல போட்டு விட்டுட்டேன். அவளுக்கே இருக்கட்டும்."

நல்லதாகப் போயிற்று என்று படிவத்தை எடுத்தேன். வாடி போடி என்று பேசுகிறவளாக இருந்தாலும், எழுதியிருக்கிறபடியேதான் கேட்க வேண்டும் என்று எங்களுக்குக் கட்டளை. பத்துக் கேள்வி முடிந்து பதினொன்றுக்கு வந்தேன்.

"மருந்து ஏதாவது குடிக்கிறீங்களா?"

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "குடிச்சேன்," என்றாள்.

"எப்போ?"

"போன மாசம். வயித்துல நிக்கல, வாந்தி வந்திருச்சு."

ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கத்தில் எழுதிக்கொண்டேன். "இப்ப?"

"இப்ப இல்ல. திரும்பக் குடிக்கலாம்னுதான் இருக்கேன்."

எனக்கு எரிச்சலாக இருந்தது. இதைத் திருவிழா அன்றே சொல்லியிருந்தால் ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாமே. படிவத்தை மூடினேன். எந்த நோயாளியைப் பார்த்தாலும் நான் சொல்கிற வசனம் ஒன்று உண்டு. அது அன்றும் தானாக வந்தது.

"மருந்து குடிக்கிறவங்கள இதுல சேக்க மாட்டாங்கடி. நீ வீட்டுக்குப் போ. ஆனா மருந்தப் பாதியில விட்டுறாத. முழுசாக் குடிச்சு முடி."

அவள் சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் சிரிக்கிற அதே சிரிப்பு. "நீயுமாடி," என்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பன்னிரண்டு மணிபோல டொக்டர் படிவங்களைப் பார்க்க வந்தார். இவளுடையதை எடுத்து, என்ன மருந்து, யார் கொடுத்தது என்று சிங்களத்தில் கேட்டார். கேட்கவில்லை என்றேன். என்னதான் சொன்னாள், சொன்னபடியே சொல்லு என்றார். சொல்லத் தொடங்கினேன். போன மாதம் குடித்தாளாம், வாந்தி வந்துவிட்டதாம், இப்போது இல்லையாம், திரும்பக் குடிக்க... அந்த இடத்தில் எனக்கு நாக்கு நின்றுவிட்டது.

சிங்களத்தில் மருந்துக்கு ஒரு சொல், நஞ்சுக்கு வேறொரு சொல். எங்கள் லயத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தேயிலைக்கு அடிப்பதும் மருந்து, புல்லுக்கு அடிப்பதும் மருந்து. பக்கத்துக் காம்பரா வீட்டில் யாராவது செத்துப்போனால், "மருந்து குடிச்சிட்டா" என்றுதான் நான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சில் வளர்ந்தவள் நான். கொழும்புக்காரனின் 'உட்கொள்கிறீர்களா'வைக் கேலி செய்து தூக்கிப் போட்டவள் நான். அது இருந்திருந்தால் அவள் இல்லை என்று சொல்லியிருப்பாள், நான் இரண்டாம் பக்கத்துக்குப் போயிருப்பேன்.

டொக்டர் என்ன என்ன என்று கேட்கிறார், எனக்குச் சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. கடைசியில் எப்படியோ சொல்லி முடித்தேன். நான் அவளிடம் கடைசியாகச் சொன்ன வசனத்தையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கார் சாவியைத்தான் எடுத்தார்.

வழி முழுக்க அவள் போனுக்கு அடித்தேன், அணைத்து வைத்திருந்தாள். ஸ்பிரிங்வெளிப் பாதையில் வளைவுக்கு வளைவு என் வசனம்தான் எனக்குக் கேட்டது. முழுசாக் குடிச்சு முடி. "அவளுக்கே இருக்கட்டும்" என்றாளே, மகள் காதில் போட்டுவிட்ட தோட்டை நாளைக்கே திரும்பி வாங்கிக்கொள்ளப்போகிற ஒருத்தியின் பேச்சா அது? காதில் விழுந்துமா எனக்கு உறைக்கவில்லை? ஐயோ பாவி, ஐயோ பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

லயத்தில் எல்லாரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருந்தார்கள். அவள் காம்பராக் கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அடுப்படியில் கீழே உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு சோடாப் போத்தலில் புல்லுக்கு அடிக்கிற மருந்து, மூடி திறக்காமல் இருந்தது. நான் அதைப் பிடுங்கி வாசலுக்குக் கொண்டுபோனேன். டொக்டர் அதை வாங்கிக்கொண்டார்.

"முழுசா இருக்குடி," என்றாள் அவள். "நீ சொன்னதக் கேக்கல."

நான் அவள் காலடியிலேயே உட்கார்ந்து அழுதேன். மருந்து என்றால் மாத்திரை என்று நினைத்தேனடி, சத்தியமாக வேறு ஒன்றும் நினைக்கவில்லையடி என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் அழவில்லை.

"இத்தனை நாள்ல யாரும் என்கிட்ட இதக் கேக்கலடி. புருஷன் கேக்கல, மாமியா கேக்கல. நீதான் காகிதத்த வச்சுக்கிட்டு நேராக் கேட்டே. அப்பாடா, சொல்லிறலாம்னு இருந்திச்சு. சொன்னேன். நீ குடின்னுட்டே."



டொக்டர் அவளுக்குப் பக்கத்தில் சிமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். "படம் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல, நான் நடிக்கலைன்னு? அந்தப் படத்த வீட்டுல காட்டலாம்னுதான் வந்தேன்."

தெரியாதடி என்றேன். ஒரு ஆளுடைய படத்தில் அப்படியெல்லாம் தெரியாது, திருவிழாவில் உனக்குப் பொய் சொன்னேன் என்றேன். பிறகு டொக்டருக்கு அதைச் சிங்களத்தில் சொன்னேன். படம் இல்லாமலே நான் நம்புகிறேன் என்று அவளிடம் சொல்லு என்றார் அவர். ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். அப்போதுதான் அவள் அழத் தொடங்கினாள். டொக்டர் அவள் முதுகில் கை வைத்து, தனக்குத் தெரிந்த தமிழில், "வலிக்குதா" என்று கேட்டார். "ஆமாங்க" என்றாள்.

அன்று மாலைக்குள் அவளை வார்டில் சேர்த்தோம். பதினொன்றாம் கேள்வியை நான் மறுநாளே மாற்றினேன். "டொக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை ஏதாவது எடுக்கிறீங்களா?" என்று இப்போது இருக்கிறது. சாவைப் பற்றிய கேள்வியை முதல் பக்கத்துக்கு, எல்லாவற்றுக்கும் முன்னால் கொண்டுவந்தோம். அவளை ஆராய்ச்சியில் சேர்க்க முடியவில்லை, ஏனென்றால் அவள் இப்போது உண்மையாகவே மருந்து எடுக்கிறாள்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் மாத்திரைகளைக் கொடுத்து, தமிழில் விளக்கிவிடு என்று டொக்டர் என்னிடம் சொன்னார். இது காலையில், இது ராத்திரி சாப்பிட்ட பிறகு என்று காட்டினேன். அடுத்து சொல்ல வேண்டியது ஒன்றுதான் பாக்கி. மனம் தேறிவிட்டது என்று நினைத்து இந்த மாத்திரையை நடுவில் நிறுத்தினால் நோய் திரும்ப வரும். கட்டாயம் சொல்லியே ஆக வேண்டும். வாயைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்.

அவள் பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். தோடு அம்மா காதுக்குத் திரும்பியிருந்தது.

"பாதியில விட்டுறாத, முழுசாக் குடிச்சு முடி. அதான?" என்றாள் அவள்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

மாத்திரைப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இந்தத் தடவ நீ சொன்னதக் கேக்கிறேன்டி," என்றாள்.