சிரிப்புக்கு வாசித்தவர்

தேவாலயப் பாடகர் குழுவில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். வாழ்த்துப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்ய நாங்கள் நால்வர் சிங்கப்பூரின் மார்சிலிங் பகுதியில் ஒருவர் வீட்டுக்குப் போனோம். கூப்பிட்டவர்களுக்கெல்லாம் பேஸ் கிட்டார் வாசிப்பவர், பாட்டுத் தயாரிப்பாளரும்கூட. நெட்டையான மனிதர், வெறுங்கால். கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிப்பார்.

முதல் வரியிலேயே என் தோழி "வாழ்த்துகிறோம்" என்பதை "வழுக்குகிறோம்" என்று பாடிவிட்டாள். அவ்வளவுதான். ஐந்து முறை தொடங்கினோம். ஐந்து முறையும் அந்தச் சொல் வருவதற்கு முன்பே நான் சிரித்துவிட்டேன். மறுநாள் கல்யாணம். கோபித்துக்கொண்டு அனுப்பிவிடுவாரோ என்று பயம் வேறு. பயத்தில் இன்னும் சிரிப்பு வந்தது.

"பரவால்ல லா, நல்லா சிரிங்க. நான் ஃபாலோ பண்றேன்," என்றார்.

நிஜமாகவே வாசித்தார். நாங்கள் குலுங்கிச் சிரித்தால் கிட்டார் தடதடவென்று ஓடியது. மூச்சு வாங்கினால் ஒற்றை ஸ்வரத்தில் நின்று காத்திருந்தது. கண்ணில் நீர் வழியச் சிரித்து ஓய்ந்தோம். அடுத்த முறை பிசிறில்லாமல் பாடி முடித்தோம்.

கிளம்பும்போது, "அண்ணே, அந்தச் சிரிப்பை மட்டும் அழிச்சிடுங்க, ப்ளீஸ்," என்றேன்.

"அதெப்படி? இத்தன வருஷத்துல பாடுறவங்க யாரும் என் பேஸைக் கவனிச்சதே இல்ல. நீங்கதான் கேட்டுக் கேட்டுச் சிரிச்சீங்க. பாட்டு உங்களுக்கு, இது எனக்கு."

கல்யாணத்தில் எல்லாரும் பாராட்டினார்கள். அவரை அப்புறம் பார்க்கவில்லை. ஆனால் வானொலியில் புதுப் பாட்டு எது வந்தாலும், நடுவில் என் சிரிப்பு கேட்டுவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொள்கிறேன். அது பயமா, ஆசையா என்றுதான் தெரியவில்லை.