தேங்க்யூவுக்கு மேலே ஒரு வார்த்தை

காரைக்கால்மேட்டு மீன் ஏலத்தில் அஞ்சுகத்தின் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. "இது வாளை மீனா, இல்ல உங்க வீட்டு அரைஞாண் கயிறா?" என்று ஒரு கேள்வி கேட்டாளென்றால், ஏலம் விடுகிறவரே சிரித்துவிட்டு விலையை இறக்குவார். புருஷன் போன பிறகு அந்த வாயையும் ஒரு மீன் கூடையையும் வைத்துக்கொண்டுதான் மகள் பாரதிப்ரியாவைப் படிக்கவைத்தாள், கட்டிக்கொடுத்தாள். அப்பேர்ப்பட்டவள் இந்தத் தை மாதத்தில் ஒரே ஒரு வார்த்தைக்கு நாயாய் அலைந்தாள்.

பாரதிப்ரியாவுக்குப் பிரசவம். குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. தாய்க்குத்தான் ரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும் என்றார்கள். ரத்தத்தில் அப்படி ஒரு ஜாதி இருப்பதே அஞ்சுகத்துக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் உட்கார்ந்து தலை தலையாய் அடித்துக்கொண்டு அழுதாள். ரத்ததான வாட்ஸ்அப் குரூப் நடத்துகிற அப்ரார், ஜீன்ஸ் போட்ட ஒரு பெண்ணைப் பைக்கில் கூட்டிவந்தான். அந்தப் பெண் அவளைத் தாண்டி உள்ளே போனாள், கையை மடக்கிக்கொண்டு வெளியே வந்தாள், ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள், போய்விட்டாள். பாரதிப்ரியா பிழைத்துக்கொண்டாள்.

மகளும் பேத்தியும் வீடு வந்து சேர்ந்த பிறகு அப்ராரைத் தெருவில் மறித்துப் பிடித்து, ரத்தம் கொடுத்த பெண் யார் என்று கேட்டாள்.

"தருமபுரத்துல பிரெஞ்சு பென்ஷன் வாங்குறாரே தெனிஸ் சார், அவரு பொண்ணுதான், அக்கா. தெல்ஃபின்னு பேரு. பிரான்ஸ்லயே பொறந்து வளந்தது. தமிழ் வராது, இங்கிலீஷ் பேசும். ஞாயித்துக்கிழமை கிளம்புது."

"இங்கிலீஷ்ல என்னன்னுடா சொல்லணும்?"

"தேங்க்யூன்னு சொல்லுங்க, முடிஞ்சுது."

"போடா போக்கத்தவனே! ஏடிஎம் மெஷின்கூடத்தான் தேங்க்யூன்னு சொல்லுது. எம் பொண்ணு உசுருக்கும் அதேதானா?"

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. அவள் ஊரில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிக்கொள்கிற வழக்கமில்லை. வலை இழுக்க ஒருத்தர் கை கொடுத்தால் சாயங்காலம் அவர் வீட்டுக்குக் குழம்பு மீன் போய்ச் சேரும், அவ்வளவுதான். வாய்விட்டு நன்றி என்று சொல்லிவிட்டால், "என்ன, எங்கள அசலாரா ஆக்கிட்டியா?" என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள்.

மறுநாள், கூடையோடு நேரே சஃபியுல்லா சார் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர், வாரம் தவறாமல் அவளிடம் மீன் வாங்குகிறவர். விஷயத்தைக் கேட்டதும் சாருக்கே கண் கலங்கிவிட்டது. உள்ளே போய்க் கனமான அகராதியைத் தூக்கிவந்தார்.

"தேங்க்குங்கற வார்த்தைக்குப் பக்கத்துல நிறைய இருக்கும்மா. அப்ரிஷியேட்னு ஒண்ணு. செஞ்சத மெச்சிக்கறது."

"மெச்சுறதுக்கு நான் யாரு சார்? பரிட்சையில மார்க்கா போடப்போறேன்?"

"சரி, அக்னாலெட்ஜ். நீங்க செஞ்சது உண்மைதான்னு ஒப்புக்கறது."

"ஏன், நான் கோர்ட்டுல கூண்டுல நிக்கிறேனா?"

சார் சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். "இன்டெட்டெட். கடன்பட்டிருக்கேன்னு சொல்றது. இது பெரிய வார்த்தை."

அஞ்சுகம் மீன் நறுக்குவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். "கடன்னா ஒருநா அடைஞ்சுபோயிடும் சார். இது அடையவே கூடாது. வேற பாருங்க."

"யா அல்லாஹ், உனக்கு இங்கிலீஷ்காரன் புதுசா வார்த்தை செஞ்சுதான் அனுப்பணும்! தெனிஸுக்குத் தமிழ் தெரியுமே, அவரையே எடுத்துச் சொல்லச் சொல்லேன்."

"அவரு வாயால சொன்னா அது அவரு சொன்னதாயிடும் சார். பெத்தவ நான் சொல்லணும்."

கடைசியில் 'கிரேட்ஃபுல்' என்று ஒன்று கிடைத்தது. செய்ததை மறக்காத மனசு என்று சார் அர்த்தம் சொன்னார். அது பிடித்துப்போயிற்று. மனசு நிறைந்தால் அவளுடைய ஊர்ப் பெரியவர்கள் வாழ்த்திச் சொல்கிற "நல்லாயிருப்பே"வுக்கு அது ஒன்றுதான் கிட்டத்தில் வந்தது. கூடை தூக்கிக்கொண்டு போகிற வழியெல்லாம் "ஐயாம் கிரேட்ஃபுல், ஐயாம் கிரேட்ஃபுல்" என்று முணுமுணுத்தாள். பார்த்தவர்கள், பேத்தி பிறந்த சந்தோஷத்தில் கழண்டுவிட்டது என்று நினைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பால்சுறா வாங்கி, வேகவைத்து, தோலுரித்து, உதிர்த்து, பூண்டு அள்ளிப் போட்டுப் புட்டு செய்தாள். பாதி மகளுக்கு, பாதி தூக்குவாளியில். தருமபுரத்தில் தெனிஸ் வீட்டு வாசலில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கார் நின்றிருந்தது.

தூக்குவாளியைத் திறந்து பார்த்த தெனிஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னம்மா இது, சுறாப்புட்டு பிள்ளை பெத்தவங்களுக்குல்ல குடுப்பாங்க! என் பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகல!"

"ரத்தம் போன ஒடம்பு யாரோடதா இருந்தா என்ன சார்? சாப்புட்டாத்தான் தேறும்."

சத்தம் கேட்டு தெல்ஃபின் வெளியே வந்தாள். அவளைப் பார்த்ததும் அஞ்சுகத்துக்கு எல்லாம் மறந்துபோயிற்று. கிரேட்ஃபுல் எங்கே போய்த் தொலைந்ததோ! "தேங்க்... தேங்க்யூ" என்று, எதை வேண்டாமென்றாளோ அதுவே வந்து விழுந்தது. அவமானத்தில் அழுகை முட்டியது.

அந்த அழுகையைப் பார்த்ததும் தெல்ஃபினின் முகம் வெளுத்தது. வராந்தாவில் அழுத அதே அம்மா என்று கண்டுகொண்டாள். தகப்பனிடம் என்னவோ படபடவென்று சொன்னாள்.

"உங்க பொண்ணு உயிரோட இருக்கான்னு கேக்குறாம்மா," என்றார் தெனிஸ். இப்போது அவர் சிரிக்கவில்லை. "நீங்க அன்னிக்கு அழுததப் பாத்திருக்கா. விசாரிச்சா கெட்ட சேதி வந்துடுமோன்னு பயந்து யார்கிட்டயும் கேக்கவே இல்லியாம். அன்னிலேர்ந்து சரியா தூங்கல. எங்கிட்டகூட இப்பத்தான் சொல்றா."

அஞ்சுகத்துக்குச் சுரீரென்றது. "அட மடச்சி!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வார்த்தை தேடித் தெருத்தெருவாய் அலைந்தவள், சொல்ல வேண்டிய சேதியை அல்லவா மறந்துவிட்டு வந்திருக்கிறாள்! இடுப்பிலிருந்து போனை எடுத்து மகளுக்கு வீடியோ கால் போட்டாள்.

திரையில் பாரதிப்ரியா தெரிந்தாள். மடியில் குழந்தை, வாய் நிறையச் சுறாப்புட்டு. "என்னம்மா, சாப்புடவிட மாட்டியா?" என்று அதட்டினாள். எதிரே யார் என்று புரிந்ததும் விழுங்கவும் முடியாமல், பேசவும் முடியாமல், குழந்தையைத் தூக்கிக் காட்டினாள்.

தெல்ஃபின் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். தேம்பித் தேம்பி அழுதாள். அப்புறம் நிமிர்ந்து, அஞ்சுகத்தின் மீன் வாடைக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "தேங்க்யூ" என்றாள்.

அதே வார்த்தைதான். அதைக் கேட்டு அஞ்சுகத்துக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"நல்லாயிருப்பே தாயி," என்றபடி பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வாய் புட்டை எடுத்து ஊட்டினாள். டிரைவர் ஹாரன் அடித்தான்.

"சும்மா இருப்பா," என்று அதட்டினாள் அஞ்சுகம். "புள்ள சாப்புடுதுல்ல!"