திருப்பதிக்காரியோடு ஒரே கேபினில்

கப்பலில் ஆஸ்திரேலியா சுற்றப் போகிறவர்கள் யாராவது யோசனை கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: கரையில் இறங்கும் முன் உங்கள் கடிகாரத்தைக் கப்பல் கடிகாரத்தோடு சரிபாருங்கள். அடுத்ததை எல்லோரிடமும் சொல்வதில்லை. கூட வருகிறவளை நம்பி இறங்காதீர்கள்.

நான் அப்போது சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. எல்லை எங்கே என்று இன்னும் முடிவாகவில்லை. சித்தூர் மதராஸோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், ஆந்திராவிலேயே இருக்க வேண்டும் என்று ஒரு கூட்டம். ஆஸ்பத்திரிப் பெயர்ப்பலகையில் ஒரு வாரம் தமிழ் எழுத்தின் மேல் தார் இருக்கும், மறுவாரம் தெலுங்கு எழுத்தின் மேல். வார்டுக்குள்ளும் அப்படித்தான். தமிழ் நர்சுகள் ஒரு மூலையில் சாப்பிடுவோம், தெலுங்கு நர்சுகள் இன்னொரு மூலையில்.

அந்த இன்னொரு மூலைக்குத் தலைவி திருப்பதிக்காரி. என்னைவிடச் சில வருஷம் மூத்தவள். அவள் அப்பாவுக்குத் திருப்பதியில் ஜவுளிக்கடை. நான் பாலசமுத்திரம் பக்கத்துக் கூலிக்காரர் மகள். என் நைனா அடுத்தவர் நிலத்தில் வேலை செய்துதான் என்னை நர்சிங் படிக்க வைத்தார். அது அவளுக்குத் தெரியும். புண்ணுக்கு நான் போட்ட கட்டை அவள் மறுபடி பிரித்துக் கட்டுவாள், நோயாளியின் கண் முன்னாலேயே.

ஆஸ்திரேலியாவில் ஒரு வருஷப் பயிற்சிக்கு எங்கள் ஜில்லாவிலிருந்து இரண்டு நர்சுகளை எடுத்தார்கள். அவளையும் என்னையும். செய்தி வந்த அன்றே அவள் பெரிய டாக்டர் அறைக்குப் போய்ச் சொன்னது வெளியே வராந்தாவில் நின்ற எனக்குக் கேட்டது.

"ஆ அரவப் பிள்ளை எந்துகு சார்? நாளைக்கு ஜில்லா பிரிஞ்சா அது மதராஸுக்குப் போயிடும். நம்ம சர்க்கார் படிக்க வெச்சது அவங்களுக்குப் போகும்."

எந்துகு என்றால் எதற்கு; அரவம் என்றால் அவர்கள் பேச்சில் தமிழ். அந்த வார்த்தையை அவள் வாயில் கேட்கும்போது ஏதோ தொற்றுநோயின் பெயர் மாதிரி இருக்கும். டாக்டர் அவளைத் திட்டி அனுப்பினார். அதற்காகவும் அவள் என்னைத்தான் வெறுத்தாள்.

தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து சின்னக் கப்பலில் இலங்கை, கொழும்பில் பெரிய கப்பல். எங்களுக்குக் கொடுத்தது கீழ்த்தளத்தில் ஒரு கேபின். மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, ஒரு வட்டச் சன்னல், நடுவில் ஒருத்தி நின்றால் இன்னொருத்தி நிற்க முடியாது. கீழ்ப்படுக்கையில் அவள் முதலில் பெட்டியை வைத்துவிட்டாள். கடல் பயணத்துக்குக் கீழ்ப்படுக்கைதான் நல்லது. மேலே இருந்தால் ஆட்டம் அதிகம், வாந்தி வந்தால் இறங்கவும் நேரம் இருக்காது. இதையும் என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

என் அம்மா ஒரு துணியில் கருவாடு கட்டிக் கொடுத்திருந்தாள். வெள்ளைக்காரன் சோற்றில் உப்பு உறைப்பு இருக்காது, ஒரு துண்டைச் சுட்டுத் துன்னு என்றாள். கப்பலில் எங்கே சுடுவது? ஆனாலும் அந்த மூட்டை என் தலைமாட்டில் இருந்தால் வீடு பக்கத்தில் இருக்கிற மாதிரி இருந்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மேல்தளத்தில் காற்று வாங்கிவிட்டுத் திரும்பினேன். வட்டச் சன்னல் திறந்திருந்தது. மூட்டையைக் காணோம்.

"எங்க சிஸ்டர் என் மூட்டை?"

"சமுத்திரத்துல."

"யாரைக் கேட்டுத் தூக்கிப் போட்ட?"

"நாத்தத்துல எனக்கு வாந்தி வருது. அங்க இறங்கினாலும் கஸ்டம்ஸ்காரன் விட மாட்டான், எடுத்து எறிஞ்சுடுவான். நான் முன்னாடியே எறிஞ்சேன், அவ்வளவுதான்."

"எங்க அம்மா குடுத்ததுடி அது. நீ இன்னா அதைத் தொட?"

"தொட்டதுக்கு ரெண்டு தரம் ஸ்நானம் பண்ணேன்," என்றாள்.

அன்றோடு பேச்சு நின்றது. அவளோடு ஒரே மேஜையில் உட்காரக் கூடாது என்பதற்காக ராத்திரிச் சாப்பாட்டையே விட்டேன். பகலில் எடுத்து வைத்த ரொட்டியையும் ஆப்பிளையும் மேல்தளத்தில் கயிற்றுச் சுருள் பக்கத்தில் உட்கார்ந்து தின்பேன். அதனால் எனக்குத் தெரியாமல் போனது ஒன்று உண்டு. கப்பல் கிழக்கே போகப்போக, சில ராத்திரிகளில் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைக்க வேண்டும். அதைப் பரிமாறுகிறவர் ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில்தான் சொல்லிவிட்டுப் போவார். சண்டைக்கு முன்பு நான் மாற்றி வைத்திருந்தேன். சண்டைக்குப் பிறகு அவள் மட்டும் மாற்றிக்கொண்டாள். என் தலைக்குக் கீழேயே படுத்திருந்தவள், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆஸ்திரேலியாவில் முதல் துறைமுகம், பிரிமாண்டில் என்ற ஊர். அங்கிருந்து பெர்த் நகரத்துக்கு ரயிலில் அரைமணி நேரம். கப்பலை விட்டு இறங்கும் இடத்தில் சுங்க அதிகாரி எல்லோருடைய பையையும் கொட்டிப் பார்த்தார். திருப்பதிக்காரி பையிலிருந்து ஒரு ஆவக்காய் ஜாடி வந்தது. கரையில் உள்ள தெலுங்கு டாக்டர் குடும்பம் ஒன்றுக்குக் கொடுக்க எடுத்து வந்திருந்தாளாம். அதிகாரி மூடியைத் திறந்து முகர்ந்தார், தும்மினார், மறுபடி தும்மினார், ஜாடியை அப்படியே தகரத் தொட்டியில் போட்டார். நான் சத்தமாகச் சிரித்தேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்தது. ஊறுகாய், விதை, பழம், கருவாடு எதையும் அந்த நாட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அந்த விஷயத்தில் அவள் சொன்னது சரிதான். அவள் சொன்னது சரியாக இருந்ததே எனக்குக் கசப்பு.

பெண்கள் தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வர வேண்டும் என்று கப்பல் அதிகாரி சொல்லியிருந்தார். அதனால் முன்னும் பின்னுமாக நடந்தோம். நான் புதுச் செருப்பு போட்டிருந்தேன். பெர்த் போய்ச் சேர்வதற்குள் குதிகாலில் கொப்புளம். தெருவில் எங்கள் புடவையைப் பார்த்து நின்றார்கள். ஒரு டீக்கடையில் எங்களுக்கு முன்னால் இருந்த மேஜையைத் துடைக்கிற பெண் துடைத்துக்கொண்டே இருந்தாள், நாங்கள் எழுந்து போய்விடுவோமா என்று.

பக்கத்து மேஜையில் ஒரு கிழவி எங்கள் பக்கம் திரும்பி, "எந்த ஊர் நீங்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

திருப்பதிக்காரி, "ஆந்திரா," என்றாள்.

நான், "மதராஸ்," என்றேன்.

கிழவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்படியானால் நீங்கள் ஒரே இடத்திலிருந்து வரவில்லையா?"

"ஒரே ஊர்தான். சித்தூர். அது ஆந்திரா," என்றாள் இவள்.

"இன்னும் முடிவாகலை," என்றேன் நான், கிழவிக்கு இங்கிலீஷிலும் இவளுக்குத் தமிழிலும்.

"ஏம்மா, சம்பளம் எங்க சர்க்கார் குடுக்கணும், ஊர் உங்க மதராஸா?"

"உங்க சர்க்காரா? எங்க நைனா அந்த மண்ணுல குனிஞ்ச முதுகு இன்னும் நிமிரலை. நீங்க நேத்து வந்து போர்டு மாட்டினா உங்களுதாயிடுமா?"

டீக்கடை முழுக்கத் திரும்பியது. கிழவி கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். திருப்பதிக்காரி எழுந்து விறுவிறுவென்று வெளியே போனாள். நான் எதிர்ப்பக்கம் நடந்தேன்.

ஆற்றங்கரைப் புல்லில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும். என் கடிகாரத்தில் நிறைய நேரம் இருந்தது. ரயில் நிலையத்துக்கு வந்தபோது அங்கே மாட்டியிருந்த கடிகாரம் ஐந்தைத் தாண்டிவிட்டிருந்தது. நான் கொஞ்சம்கூடப் பயப்படவில்லை. இவ்வளவு பெருமை பேசுகிற வெள்ளைக்காரர்கள் ஸ்டேஷன் கடிகாரத்தைக்கூட ஒழுங்காக வைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

துறைமுகத்துக்கு வந்தபோது கப்பல் கரையை விட்டு விலகிவிட்டது. வழியனுப்ப வந்தவர்கள் வீசிய கலர் காகிதச் சுருள்கள் அறுந்து தண்ணீரில் மிதந்தன. கையை ஆட்டினேன், கத்தினேன். தளத்தில் நின்றவர்கள் நானும் வழியனுப்ப வந்தவள் என்று நினைத்துப் பதிலுக்குக் கையாட்டினார்கள்.

பெட்டி கப்பலில். பாஸ்போர்ட் கப்பல் அதிகாரியிடம். கையில் ஒரு பை, ஒரு கம்பளிக் கோட்டு. கப்பல் கம்பெனியின் உள்ளூர் ஏஜென்ட் ஆபீஸில் ஒருவன் என்னை நிற்க வைத்தே விசாரித்தான். வேண்டுமென்றே இறங்கிவிட்டாயா, இங்கேயே தங்க நினைக்கிறாயா, யார் வரச் சொன்னார்கள் என்று கேட்டான். கறுத்த தோலோடு அந்த நாட்டில் தங்க அப்போது இடம் கிடையாது, அதனால் அந்தச் சந்தேகம். உங்கள் நாட்டில் தங்குவதற்கு எனக்கு என்ன தலையெழுத்து என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. என் இங்கிலீஷில் அது வரவில்லை. "நான் நர்ஸ்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் என்னை அடிலெய்டுக்கு ரயிலேற்றிவிட்டார்கள். கப்பல் அங்கே வருவதற்குள் ரயில் போய்விடும்.

அது ஒரு ரயில் இல்லை. வழியில் இறங்கி வேறு ரயில், மறுபடி இறங்கி வேறு ரயில்; தண்டவாளத்தின் அகலம் மாகாணத்துக்கு மாகாணம் மாறுமாம். மரமே இல்லாத சிவப்பு மண் நாள் முழுக்க ஓடியது. என் பக்கத்து இடம் கடைசி வரை காலியாகவே வந்தது. ஒருத்தி உட்கார வந்து, என்னைப் பார்த்து, பிள்ளையை இழுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனாள். அந்தப் பயணம் முழுக்க நான் மனசுக்குள் அந்தப் பிள்ளைக்காரியைத் திட்டவில்லை, அந்த ஆபீஸ்காரனையும் திட்டவில்லை. திருப்பதிக்காரியைத்தான் திட்டினேன். எந்த வார்த்தையை முதலில் சொல்லுவது, எதைக் கடைசியில் சொல்லுவது என்று அடுக்கி வைத்துக்கொண்டேன்.

அடிலெய்டில் இறங்கியது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்களில் இறங்காதீர்கள் என்று சொல்லத்தான் ஆசை, அது நம் கையில் இல்லை. ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. ஏஜென்ட் காட்டிய பெண்கள் விடுதியில் ராத்திரி சூப் கிடைக்கும் வரை தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்தேன்.

கப்பல் வந்த காலையில் துறைமுகத்தில் நின்றேன். திருப்பதிக்காரி கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றிருந்தாள். முகம் வற்றியிருந்தது. நான் ஏணியில் ஏறி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"பாஸ்போர்ட் இல்லாம எங்க போய்ச் சுத்தின? உன்னால அந்தத் தொரைகிட்ட நான் எத்தனை ஏச்சு, எத்தனை மாட்டலு பட்டேன் தெரியுமா?"

நான் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் கலைந்துவிட்டது. ஒன்றுதான் வந்தது.

"கடிகாரம் மாத்தினதை ஏன் சொல்லலை?"

"நீ கேட்டியா? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டாத்தான் சொல்லுவியா? நீ நர்ஸ் தான? நோயாளி கேட்டாத்தான் மருந்து குடுப்பியா?"

அவள் கம்பியை விட்டுவிட்டுக் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனாள். அது ஒன்றுதான் அந்தப் பயணத்தில் நான் ஜெயித்தது.

கேபினில் என் பெட்டி மூடிக் கட்டியிருந்தது. நான் வராவிட்டால் அதை அடிலெய்டில் இறக்கிவிடச் சொல்லியிருந்தார்களாம். புடவைகளை அவள்தான் மடித்து வைத்திருந்தாள். கொண்டை ஊசிகளைக்கூடப் பொறுக்கி ஒரு கைக்குட்டையில் முடிந்திருந்தாள். சாப்பாட்டு மேஜையில் பரிமாறுகிற கோவாக்காரர் அன்று மத்தியானம் என்னிடம் சொன்னார்: "நீ ஓடிப் போய்விட்டாய் என்று அதிகாரி எழுதப் போனார். உன் சிநேகிதி விடவில்லை. 'அவள் எங்கள் சித்தூர்ப் பெண், ஓடுகிறவள் இல்லை' என்று அழுதாள். இரண்டு நாள் சாப்பிடவும் வரவில்லை."

சிநேகிதியாம். நன்றி சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு 'எங்கள் சித்தூர்' என்றது காதில் விழுந்தது. நடுக்கடலில், நான் காணாமல் போன நேரத்தில்கூட ஊரைப் பிடித்துக்கொண்டாளே என்று எரிந்தது. சொல்லவில்லை. அவளுக்குப் பயிற்சி மெல்போர்னில், அங்கே இறங்கினாள்; எனக்குச் சிட்னியில், நான் அதுவரை போனேன். அந்த வருஷம் முழுக்க ஒருத்திக்கு ஒருத்தி ஒரு கார்டு போடவில்லை.

சித்தூர் திரும்பிய பின் அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. எல்லையும் முடிவானது. திருத்தணி மதராஸ் பக்கம் போனது, சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது, எங்கள் பாலசமுத்திரமும் இந்தப் பக்கமே. பேப்பர் வந்த காலையில் அவள் என் அருகே வந்து, வார்டில் தெலுங்கிலேயே பேசுகிறவள், அன்று தமிழில் சொன்னாள்:

"உன் ஊர் நம்மகிட்டயே இருக்குது."

"நம்மன்னா யாரு?" என்றேன்.

அவள் ஜுரம் பார்க்கிற தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

பின்னால் அவள் மேட்ரன் ஆனாள். நான் தெலுங்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு பரீட்சை எழுதி அவளுக்குக் கீழே பல வருஷம் வேலை பார்த்தேன். நோயாளிகளைப் பற்றி மட்டும் பேசினோம். என் வேலையில் அவளால் ஒரு குறை சொல்ல முடிந்ததில்லை. அவள் வேலையில் என்னாலும் முடிந்ததில்லை.

அவள் ஓய்வுபெற்றுத் திருப்பதியில் வீடு கட்டியபோது கிருகப்பிரவேசத்துக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள். கட்டாயம் வரணும்னு சொன்னாங்க என்றான் வந்தவன். நல்ல புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மொட்டைத் தலைக் கூட்டத்துக்கு நடுவில் நின்று ஒரு காபி குடித்தேன். அவள் தெரு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். காபி டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சித்தூர் போகிற பஸ் எங்கே நிற்கிறது என்று கேட்டேன்.