தானே ஓடும் மோட்டார்

ஓமானில் நான் வேலை பார்க்கும் பண்ணையில் காலையில் முதல் வேலை தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்ப்பது. எங்கள் முதலாளியை 'அர்பாப்' என்போம். அவர் மோட்டாரைப் போட்டு, உள்ளங்கையில் ஒரு வாய் பிடித்து ருசி பார்ப்பார். உப்புக் கரித்து முகம் சுளித்தால் அன்றைக்கு அந்தக் கிணறு கிடையாது. காவிரித் தண்ணீரில் வளர்ந்த எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. ஊரில் இருக்கும் நீங்களும் சிரிப்பீர்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம், கடலை நோக்கி, பேரீச்ச மரங்கள் ஓலை உதிர்ந்து மொட்டையாக நிற்கின்றன. வந்த புதிதில் அர்பாப் அவற்றைக் காட்டி ஏதோ சொன்னார். வெட்டச் சொல்கிறார் என்று நினைத்து ரம்பத்தோடு போய் நின்றேன். ரம்பத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு அரைகுறை இந்தியில் கத்தினார். அவர் அப்பா வைத்த மரங்களாம். கிணறுகளில் அளவில்லாமல் இறைத்ததில் கடல்நீர் மண்ணுக்கடியில் உள்ளே வந்து மரங்கள் பட்டுப்போய்விட்டனவாம். அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

எங்கள் ஊரும் மயிலாடுதுறைக்குக் கிழக்கே, கடல் பக்கம்தான். அப்பா பண்ணையாளாக இருந்து, கூலிப் போராட்டத்தில் அடிபட்டு, ஸ்டேஷனில் கிடந்து, கடைசியில் நில உச்சவரம்புச் சட்டத்தில் பட்டா வாங்கிய ஒரு ஏக்கர் அங்கே இருக்கிறது. இப்போது தம்பி செல்வம் பயிர் வைக்கிறான். மேட்டூர் தண்ணீர் தவறிய வருடம் போர் போட்டுக் குறுவையைக் காப்பாற்றினோம். ஆறு ஓடுகிற ஊரில் நிலத்தடித் தண்ணீரைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? கரண்டும் இலவசம். மும்முனைக் கரண்டு எப்போது வரும் என்று தெரியாது. அதனால் வந்ததும் மோட்டார் தானே ஓடும்படி ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டச் சொன்னேன். வயல் நிரம்பினாலும் ஓடும். வழிந்து வாய்க்காலுக்குப் போகும். ஊரில் எல்லார் மோட்டாரும் அப்படித்தான். தண்ணீர் இறங்க இறங்கக் குழாயையும் இறக்கினோம். அந்த மொட்டை மரங்களைத் தினமும் பார்த்துக்கொண்டே, "இன்னும் நாப்பது அடி இறக்குடா" என்று போனில் சொன்னவன் நான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன வாரம் செல்வம் அழைத்தான்.

"அண்ணே, பயிரு நுனி கருகுது. உரம் போட்டுப் பாத்தாச்சு, கேக்கல."

"தண்ணி எப்படிடா இருக்கு?"

"லேசாக் கரிக்குது."

"மோட்டார நிறுத்துடா."

"நான் ஒருத்தன் நிறுத்தி என்னண்ணே ஆவப் போவுது? சுத்தி எல்லாம் ஓடுது."

அவனுக்குப் பின்னால் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"உங்க பண்ணையில எனக்கு ஒரு வேல கெடைக்குமாண்ணே?"

நேற்று அர்பாப் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு, இந்தப் பருவத்தோடு விவசாயத்தை விடப்போவதாகச் சொன்னார். தம்பியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்ப இங்கே என் பெட்டி தயாராக இருக்கிறது. இங்கே வருவதற்கு அவன் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டான்.